கல்லூரியில் பிரெஞ்சு எடுக்கலாமா? நெல்லைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடிவு வந்து பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விண்ணப்பக் கூட்டம் சேரும் நாட்களில், "பிரெஞ்சு எடுக்கலாமா சார்?" என்ற கேள்வி தினமும் வரும். சிலர் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து கேட்பார்கள். தென்காசி, வள்ளியூர் பக்கமிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு. பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது என் வேலை என்பதால் அந்தக் கேள்விகளுக்கு இங்கே விவரமாகப் பதில் எழுதுகிறேன். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு படிக்க அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டாயிற்று என்பது என் உறுதியான எண்ணம். கீழே பல பதில்களில் அது வரும்.

கல்லூரியில் பிரெஞ்சு எந்த இடத்தில் வருகிறது?

இளங்கலைப் படிப்பில் பார்ட் ஒன் மொழிப்பாடம், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் அதைச் சேர்ந்த பாடங்களும். பார்ட் ஒன்னில் பெரும்பாலோர் தமிழ் எடுப்பார்கள். தமிழுக்குப் பதில் இந்தி, மலையாளம், பிரெஞ்சு என்று வேறு மொழி எடுக்க வழி உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கும் இதே அமைப்புதான். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் எல்லா மொழிக்கும் ஆசிரியர் இருக்க மாட்டார்கள். விண்ணப்பம் வாங்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த ஆண்டு பிரெஞ்சு வகுப்பு நடக்கிறதா, அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதி செமஸ்டரில் ஆசிரியர் மாறிப்போனால் மொழிப்பாடம்தான் முதலில் அடிபடும்.

ப்ளஸ் டூ வரை தமிழ்தான் படித்தேன். பிரெஞ்சு எழுத்தே தெரியாது. சேரலாமா?

சேரலாம். பாடம் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்கும். பள்ளியிலேயே பிரெஞ்சு எடுத்துவிட்டு வந்த சிலர் அதே வகுப்பில் உட்கார்ந்து முதல் இரண்டு மாதம் கடகடவென்று பதில் சொல்வார்கள். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பள்ளியில் வினாவிடையை மனப்பாடம் செய்து எழுதியவர்கள் அவர்களில் நிறையப் பேர். இரண்டாம் செமஸ்டருக்குள் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பையன் தமிழ் மீடியம். ஆங்கிலமே தகராறு. பிரெஞ்சு எப்படி வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெற்றோர் குரல் இறங்கிவிடும். அது எனக்கு வருத்தமாக இருக்கும். பிரெஞ்சு கான்வென்ட் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை யாரோ நம் மனசில் விதைத்துவிட்டார்கள். மொழியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு.

வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுவது நமக்குப் பழக்கம். பிரெஞ்சிலும் அப்படித்தான் மாறும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு ஒரு வினைக்கு ஆறு வடிவம் என்பது பெரிய மலை. நமக்கு அது அன்றாடப் பேச்சு.

மரியாதை அடுத்தது. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் இருக்கிறது. கூட்டாளியிடம் ஒன்று, கடைக்காரரிடமும் ஆசிரியரிடமும் வேறொன்று. எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று நெல்லைப் பிள்ளைக்குப் பாடம் நடத்தவே தேவையில்லை. பெரியவர்களிடம் "ஏலே" போடக்கூடாது என்று தெரிந்தவனுக்கு இது தானாக வரும்.

அப்புறம் புணர்ச்சி. பத்தாம் வகுப்பில் வேண்டாவெறுப்பாகப் படித்த அந்தப் பகுதி இங்கே கைகொடுக்கும். 'காசு' என்பதும் 'இல்லை' என்பதும் சேர்ந்தால் 'காசில்லை' என்று உகரம் கெடுகிறது அல்லவா? பிரெஞ்சில் 'ஜெ' என்றால் நான், 'ஏம்' என்றால் விரும்புகிறேன். இரண்டும் சேர்ந்தால் 'ஜேம்'. முன்னால் உள்ள உயிர் போய்விடுகிறது. 'லே' என்பதோடு 'அமி' சேர்ந்து நண்பர்கள் என்று பொருள்படும்போது, எழுத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மெய் எழுந்து 'லேஸமி' ஆகிவிடும். 'ஏன்' என்று ஒரு மாணவர் கேட்டால் நன்னூலைச் சொல்லி விளக்கிவிடலாம். ஆங்கிலத்தில் விளக்கினால் அரைமணி நேரம் ஆகும்.

அதனால் என் யோசனை இதுதான்: பிரெஞ்சை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்காதீர்கள். தமிழிலிருந்தே நேராகப் போங்கள். புது வாக்கியம் ஒன்று படித்தால் அதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் கேள்வி வருவது வழக்கம், அதற்கு ஆங்கிலம் வேண்டும். அது தேர்வுக்கான தயாரிப்பு. மொழியை உள்ளே இறக்கிக்கொள்வதற்குத் தமிழ் போதும்.

உச்சரிப்பு வாயில் நுழையுமா?

பாதி உச்சரிப்பு நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பிரெஞ்சுத் 'த' நம்முடைய 'த' போலவே பல்லைத் தொட்டு வருவது, ஆங்கில 'ட' போல மேலே போகாது. 'ப', 'க' சொல்லும்போது ஆங்கிலேயர் போலக் காற்றை ஊத வேண்டாம். 'பாட்டி' என்று சொல்லும் அதே 'பா'வைப் போட்டுப் 'பாரி' என்றால் அதுதான் பாரிஸ் நகரம்.

மூக்கொலி உயிர்கள்தான் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். உங்கள் வீட்டில் பேசுவதைக் கவனியுங்கள். "அவன் வந்தான்" என்று வேகமாகச் சொல்லும்போது கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய்த் தொடுகிறதா? தொடாது. உயிரொலி மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடும். 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லும்போதும் உதடு மூடாது. பிரெஞ்சில் நல்லது என்று பொருள்படும் 'போன்' முடிவதும் அப்படித்தான். எழுத்துத் தமிழ் போல அழுத்தி 'ன்' சொல்லாமல், வீட்டுத் தமிழ் போல விட்டுவிட்டால் சரியாக வந்துவிடும்.

நமக்குக் கஷ்டமானவை வேறு இரண்டு. ஒன்று, 'நீ' என்று பொருள்படும் சொல்லில் வரும் உயிர். அதைத் தமிழ்த் 'து' போலச் சொன்னால் 'எல்லாம்' என்று அர்த்தம் மாறிவிடும். கண்ணாடி முன் நின்று 'உ' சொல்ல உதட்டைக் குவியுங்கள். குவித்த உதடு அசையாமல் உள்ளே நாக்கை மட்டும் 'இ' சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் பழகினால் பிடிபடும். மற்றொன்று ரகரம். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உரசும் இடத்தில் அது பிறக்கிறது. வராவிட்டால் தமிழ் 'ர'வையே சொல்லுங்கள், கேட்பவருக்குப் புரியும்.

நோட்டில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன், நோட்டில் நீங்கள் செய்யாதீர்கள். 'புவாசோன்' என்று தமிழில் எழுதுகிறீர்கள். பிரெஞ்சில் அது மீனாக இருக்கலாம். முதல் எழுத்து 'பம்பரம்' என்பதன் 'ப' இல்லாமல், 'பஸ்' என்பதன் அதிர்வுள்ள 'ப'வாக இருந்தால் அது குடிக்கும் பானம். நடுவில் உள்ள சகரம் வண்டு ரீங்காரம் போல அதிர்ந்தால் அது விஷம். மீன், பானம், விஷம் மூன்றும் உங்கள் நோட்டில் ஒரே சொல்லாக இருக்கும். ஓட்டலில் போய் எதைக் கேட்பீர்கள்? பிரெஞ்சு எழுத்தில் எழுதி, ஒலியைக் காதால் கேட்டு மனதில் வையுங்கள். செல்போனில் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

எழுதுவதற்கும் சொல்வதற்கும் உள்ள தூரம் இன்னொரு தொல்லை. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் என்ற நான்கையும் எழுதும்போது கடைசி எழுத்துகள் மூன்று விதமாக வரும், காதில் விழுவது எல்லாம் 'பர்ல்' ஒன்றே. எழுத்துக்கு மேலும் கீழும் போடும் குறிகளையும் அலட்சியமாக விடாதீர்கள். நம் மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பாலா?

ஆமாம். தமிழில் அஃறிணைக்குப் பால் பிரிவு ஒன்றன்பால், பலவின்பால் மட்டும். அங்கே உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. சூரியன் ஆண், நிலா பெண், கடல் பெண், புத்தகம் ஆண். தாமிரபரணியைத் தாய் என்று சொல்லும் நமக்கு சேன் நதி பெண் என்பதில் ஆச்சரியம் இருக்காது, ரோன் நதி ஆண் என்பதுதான் வியப்பு. காரணம் தேடிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு சொல்லையும் முன்னால் உள்ள 'ல', 'லா'வோடு சேர்த்தே மனதில் ஏற்றுங்கள். தனிச் சொல்லாகப் படித்துவிட்டுப் பிறகு பாலைத் தேடினால் இரட்டை வேலை.

எண்கள் குழப்பமாக இருக்கும் என்கிறார்களே?

69 வரை ஒழுங்காகப் போகும். எழுபதுக்குத் தனிச்சொல் இல்லை, 'அறுபது பத்து' என்பார்கள். எண்பது 'நான்கு இருபது'. 97 சொல்ல 'நான்கு இருபது பத்து ஏழு'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் எளிய சொற்கள் இருக்கின்றன, பிரான்சில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வதால் இது உடனே தலைக்கு வர வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருடைய நம்பரையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாமாமே?

அள்ளலாம். கேள்வித்தாள் ஒரே அச்சில் வருவதால் பழைய தாள்களைப் புரட்டினாலே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும். மார்க்குக்காக மட்டும் எடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பார்ட் ஒன்னில் எடுக்கும் மார்க் வீட்டுச் சூழலுக்குத் தேவையாக இருக்கலாம். ஆனால் இந்தப் பாடம் நடக்கும் நான்கு செமஸ்டர் என்பது இரண்டு முழு ஆண்டு. அவ்வளவு நேரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயர் கேட்டால் வாய் திறக்க முடியாமல் நிற்பது பெரிய இழப்பு. அதே நேரத்தில், அதே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசவும் கற்றுக்கொள்ள முடியும். பாடத்தில் வரும் உரையாடலை எழுதிப் படிக்காமல், பக்கத்தில் இருப்பவரோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். அது ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

தமிழை விட்டுவிட்டால் அரசு வேலை கிடைக்காதா?

பிரெஞ்சு எடுத்ததற்காக யாரையும் தடுப்பதில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இரண்டு. பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு பார்ட் ஃபோரில் தமிழ் வரும்: பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ், படித்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். இரண்டாவது, 2021-இல் அரசு கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். அதில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைகளைத் திருத்துவார்கள். எனவே தமிழ்ப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. தமிழ் தேய்ந்தால் மேலே சொன்ன அஸ்திவாரமும் தேயும்.

டெல்ஃப் என்கிறார்களே, அது என்ன?

பிரான்ஸ் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ். ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு படி, அதற்கு மேல் சி1, சி2 படிகளுக்கு டால்ஃப். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும்.

கல்லூரி மார்க்‌ஷீட்டில் பிரெஞ்சுக்கு 90 இருப்பது வெளியே யாருக்கும் எதையும் சொல்லாது. ஏ2 சான்றிதழ் சொல்லும். நான்கு செமஸ்டரையும் ஒழுங்காகப் படித்த மாணவர் தனியாகக் கொஞ்சம் கேட்டும் பேசியும் பழகினால் ஏ2 எழுதலாம். நமக்கு எட்டும் தூரத்தில் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. ஏறக்குறைய 150, 160 கிலோமீட்டர், ரயிலில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். தேர்வுத் தேதியையும் கட்டணத்தையும் அங்கே நேரில் அல்லது போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வேலை கிடைக்கும்?

ஏ2 மட்டும் வைத்துக்கொண்டு பிரெஞ்சு வேலை கிடைக்காது. இதை உடைத்துச் சொல்வது என் கடமை. பி2 வந்தால் கதவு திறக்கும்: சென்னை, பெங்களூரில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு, சுற்றுலா, சிபிஎஸ்இ பள்ளிகளில் மொழி ஆசிரியர் பணி. காமர்ஸ், கம்ப்யூட்டர், நர்சிங் என்று ஒரு தொழிலோடு பி2 பிரெஞ்சும் கையில் இருந்தால் மதிப்பு இன்னும் கூடும். தொழில் ஒரு கால், மொழி ஒரு கால் என்று நிற்பவரை அசைக்க முடியாது.

பிரான்சில் போய்ப் படிக்கச் செலவு எவ்வளவு?

அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான ஆண்டுக் கட்டணத்தை 2019-இல் இளங்கலைக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு சிறிது ஏறியிருக்கிறது. தனியார் கல்வி நிலையங்கள், முக்கியமாக மேலாண்மைப் பள்ளிகள், பல மடங்கு அதிகம். கட்டணத்தைவிட வாடகையும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும். மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் பிரெஞ்சு பேசத் தெரியாமல் அந்த வேலை கிடைப்பது கடினம். பிரெஞ்சு வழிப் படிப்புகளுக்குப் பொதுவாக பி2 கேட்பார்கள். 2030-க்குள் இந்தியாவிலிருந்து 30,000 மாணவர்களைச் சேர்ப்பது பிரான்ஸ் அரசு அறிவித்திருக்கும் இலக்கு. விண்ணப்பம் எல்லாம் கேம்பஸ் பிரான்ஸ் என்ற பிரான்ஸ் அரசு அமைப்பின் வழியாகப் போகும். இடைத்தரகரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கனடா போக டெல்ஃப் போதுமா?

போதாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற முறைக்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். அவற்றின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனிப் பிரிவாக அழைக்கிறார்கள், நான்கு திறனிலும் ஏழாம் நிலை வேண்டும். ஏழாம் நிலை என்பது ஏறக்குறைய பி2.

நம் ஊருக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? கூடங்குளம் இருக்கிறதே, ரஷ்யன் படித்தால் என்ன?

ரஷ்யனும் நல்ல மொழிதான், நம் பக்கத்தில் பார்ட் ஒன்னாக எடுக்க வழியில்லை. பிரெஞ்சோடு சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சின், பிரான்சின் வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. 1974-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் பிரான்சின் வெர்னோன் நகரில் தங்கி வேலை பார்த்து, தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, 1908 முதல் பத்து ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கத்தைத் தன் 'இந்தியா' பத்திரிகையின் முகப்பில் போட்டார். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: ஏரியல் என்ற பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் தந்தார், 1968-இல் பிரான்சுவா குரோ பரிபாடலை முழுவதும் பெயர்த்தார். நம் பிள்ளைகளில் யாராவது அந்த வேலையைத் தொடர வேண்டும் என்பது என் ஆசை.

பிரெஞ்சையே மேஜராக, எம்.ஏ. வரை படிக்க முடியுமா?

முடியும், வெளியூர் போக வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பிரெஞ்சு எம்.ஏ. இருக்கிறது. மூன்றும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் கட்டணம் குறைவு.

பாளையங்கோட்டையில் பிரெஞ்சு பேசிப் பழக யார் இருக்கிறார்கள்?

ஆள் தேடி அலைய வேண்டாம். பிரெஞ்சு வகுப்பில் உங்களோடு இருப்பவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமாதானபுரத்திலிருந்து கல்லூரி வரும் பஸ்ஸில் கால் மணி நேரம், நேற்று என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், இவ்வளவுதான் பேச்சு. தப்பாகப் பேசினாலும் நிறுத்தக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் ஒரு செய்தி நிகழ்ச்சி தருகிறது, இலவசம். முதல் வருடம் அதில் ஊர்ப் பெயர்கள் மட்டும் புரியும், பரவாயில்லை. தொடக்க நிலைக்கு டிவி5 மோந்த் நடத்தும் இலவசப் பயிற்சிப் பக்கம் பொருத்தம். அதில் ஏ1 தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிட வீடியோ ஒன்றை முதலில் படம் பார்க்காமல் கேளுங்கள். அப்புறம் படத்தோடு பாருங்கள், மூன்றாம் முறை எழுத்தை ஓடவிட்டுப் பாருங்கள். செமஸ்டர் விடுமுறையிலும் இதை விடாதீர்கள். ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் திரும்ப வருபவர்களுக்கு முதல் மாதம் முழுக்கப் பழையதைத் தேடுவதிலேயே போய்விடுகிறது.